எழுதும் முனை

ஒன்பதாயிரம் வரி, ஒரே கோப்பு.
பதினோரு வருஷமாய் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.
யார், எந்தத் தேதியில், எந்த வரியைச் செருகினார்கள்
எல்லாம் பதிவில் இருக்கிறது.
ஏன் என்பது மட்டும் இல்லை.

உண்ணாமலைக்கடையில் ஜூன் மழை.
ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில்
விசைப்பலகை எனக்கே கேட்கவில்லை.
வெட்டத் தொடங்கினேன்.
சொல் பிரிப்பது ஒரு கோப்பு.
மாறியை விரிப்பது ஒரு கோப்பு.
குழாய்களும் திசைதிருப்பலும் சேர்ந்து ஒன்று.
சமிக்ஞைகளை எல்லோரும் தொடப் பயந்திருந்தார்கள்.
நானும் பயந்து
தூங்குகிற பிள்ளையைக் கட்டில் மாற்றுவதுபோல்
அப்படியே தூக்கி வைத்தேன்.

சுனில்ராஜுக்கு ரப்பர் தோட்டங்களில் எண்பது தேன்பெட்டி.
மழை மாதங்களில்
சீனிப்பாகு வைப்பதைத் தவிர அவனுக்கு வேலையில்லை.
என் மடிக்கணினியில் அவனுடைய கோப்பு ஒன்று இருந்தது,
நடுவில் தாராளமாய் இடைவெளி விட்டு:
தேன் கணக்கு 2.
சோதனைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.
முதல் சோதனையாக அதையே கொடுத்தேன்.

தேன்: அப்படி ஒரு கோப்பு இல்லை.
கணக்கு: அப்படி ஒரு கோப்பு இல்லை.
2: அப்படி ஒரு கோப்பு இல்லை.

தோள்வழி எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"நடுவுல உள்ளது மட்டும் செரியாக்கும்."

மேற்கோள்குறியை விழுங்கிய இடத்தைப் பிடித்தேன்.
மூன்று துண்டும் ஒட்டி ஒரே பெயரானது.
அதன்பின் சோதனைகள் வரிசையாய்ப் பச்சை,
முந்நூற்றுப் பதினேழுவரை.

அது தோற்கவில்லை. தொங்கியது.
தோற்றாலாவது ஒரு வரி சொல்லிவிட்டுத் தோற்கும்.
இது சும்மா இருந்தது.
கட்டஞ்சாயா ஆறியது.
மின்சாரம் போனது, வந்தது,
பெட்டி போன்ற அந்தப் பேட்டரி இரண்டுமுறை கீச்சிட்டது.
அது அப்போதும் சும்மா இருந்தது.

உள்ளே இவ்வளவுதான்:
குழாயின் ஒரு முனையில் ஒருவன் எழுதுகிறான்,
மறுமுனையில் ஒருவன் வாசிக்கிறான்.
எழுதும் முனையைப் பிடித்த எல்லோரும் கைவிட்டால்தான்
வாசிப்பவனுக்கு முடிவு என்று தெரியும்.
எழுதியவன் எப்போதோ எழுதி முடித்து
வீட்டுக்குப் போய்விட்டான்.
பின்னே யார் பிடித்திருக்கிறார்கள்?

இரவு ஒன்றேகாலுக்குக் கண்டேன்.
வாசிப்பவனேதான்.
பிறக்கும்போது கைக்கு வந்த எழுதும் முனையின் நகலை
மூடாமல் இடுக்கிக்கொண்டு,
வேறு யாரோ முடிப்பார்கள் என்று
தனக்காகத் தானே காத்திருந்தான்.

மூடும் வரி பழைய கோப்பிலேயே கிடந்தது.
நான் வெட்டிய கோட்டுக்கு
சரியாக ஒரு வரி இப்பால்.

மான்டெவிடியோவிலிருந்து லூசியா
திருத்தத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்:
நாளைக்கு வேறு யாராவது வெட்டினால்?

நானூற்றுப் பதின்மூன்றாவது சோதனை அப்படிப் பிறந்தது.
பத்து நொடிக்குமேல் காத்திருந்தால் சிவப்பு.
எழுதியதை நம்பாமல்
திருத்திய வரியை மறுபடி நானே அழித்தேன்.
தொங்கியது. பத்து எண்ணினேன். சிவப்பு.
இவ்வளவு சந்தோஷமாய் ஒரு சிவப்பை
மார்த்தாண்டம் சந்திப்பில்கூட நான் பார்த்ததில்லை.
வரியைத் திரும்ப வைத்தேன்.

விடியும்போது மழை குறைந்திருந்தது.
சோதனைகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு
மொத்தமும் ஒருதரம் ஓட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பச்சை.
ஒன்று மட்டும் சிவப்பு, அதுவும் முதலாவது.

தேன் கணக்கு 2: அப்படி ஒரு கோப்பு இல்லை.

சுனில்ராஜ் பல் தேய்த்துக்கொண்டே வந்தான்.
"உனக்கு இடைவெளி கஷ்டம்னு
ராத்திரியே பேரை மாத்தியாச்சு," என்றான்.
திறந்து பார்த்தேன்.
சொல்லுக்குச் சொல் அடிக்கோடு போட்டு
அழகாய்ச் சேர்த்து வைத்திருந்தான்.

அவன்மேல் தப்பில்லை.
அடுத்தவன் கணக்கில் சாய்ந்து நிற்கிற சோதனையை
எழுதியது நான்.